கழலை நோயும் கறியுப்பும்

மக்கள் உடம்பு நிலைபெறுதற்கு வேண்டும் பொருள்களுட் சில பேரளவின; சில மிகச் சிற்றளவின. சோறும் நீரும் பேரளவில் வேண்டப்படுவன. அவை குறைந்தால் பசியும் நீர்வேட்கையும் உடனே எழுந்து அக்குறையை நமக்கு அறிவிக்கும். சிற்றளவில் வேண்டப்படும் பொருள்களின் இயல்பு அத்தகையதன்று. அவை குறைந்தவிடத்துப் பசி எழாது; நாவும் அறியாது. ஆண்டுகள் பல கழிந்த பின்னரே அக்குறை ஒரு நோயாய் உடலின்மேல் வெளிப்படும். அத்தகைய பொருள்களுள் ஒன்று அயோடின். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டும் அயோடின் 150 மைக்ரோகிராம். அஃதாவது, ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றுள் 150 கூறு. எழுபது ஆண்டு வாழும் ஒருவர் தம் வாழ்நாள் முழுமைக்கும் வேண்டும் அயோடினை ஒருங்கே திரட்டி நிறுத்தாலும் அது நான்கு கிராமை எட்டாது.

இத்துணைச் சிறு பொருள் இன்மையால் உலகின் பற்பல மலைநாட்டு ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் கழுத்து வீங்கியும், கேளாச் செவியும் பேசா வாயும் உடைய குழவிகளை ஈன்றும் துன்புற்றன. அத்துன்பத்தை நீக்கியது அரிய மருந்து ஒன்றன்று, அடுக்களையிலுள்ள உப்பேயாம். மருத்துவ நூலார்க்கே உரியதெனத் தோன்றும் இப்பொருளை இலக்கியம் பயில்வோர் எடுத்துரைப்பது எற்றுக்கு எனின், இந்நோயின் காரணத்தையும் மருந்தையும் அறிவியலார் முன்னரே கண்டு முடித்தனர். எஞ்சி நிற்பது அதனை ஊர்தோறும் இல்லந்தோறும் சென்று சொல்லுதலே. சொல்லுதல் தமிழ் கற்பார்க்கும் உரிய தொழிலன்றோ?

கழுத்தின் முன்புறத்தே, குரல்வளையின் கீழ், மூச்சுக்குழலின் இருமருங்கும் அணைந்து, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போலக் கிடப்பது தைராய்டு என்னும் சுரப்பி. தைராய்டு என்பது கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர். அதுபற்றித் தமிழிலும் அதனைக் கேடயச் சுரப்பி என வழங்குவர். அதன் எடை ஏறத்தாழ இருபது கிராம். உடம்பிலுள்ள அயோடினிற் பெரும்பகுதி இச்சிறு சுரப்பியினுள்ளேயே சேமிக்கப்பட்டுள்ளது. குருதியில் ஓடும் அயோடினை இச்சுரப்பி ஈர்த்துத் தைராக்சின் முதலிய சுரப்புநீர்களை ஆக்குகின்றது. தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள. அதனை ஒத்த மற்றொரு சுரப்புநீரில் மூன்று உள. இவை உடலெங்கும் சென்று, உண்ட உணவு வெம்மையாகவும் வலிமையாகவும் மாறும் விரைவை ஆளுகின்றன. இளம்பருவத்தே எலும்பும் மூளையும் செவ்வனே வளர்தற்கு ஏதுவாகின்றன.

இனி, அயோடின் குறைந்தவிடத்து யாது நிகழும் எனக் காண்போம். மூலப்பொருள் குறைந்தமையால் சுரப்புநீரும் குறைகின்றது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி அக்குறையை உணர்ந்து, 'இன்னும் ஆக்குக, இன்னும் ஆக்குக' என்று ஏவுவது போலக் கேடயச் சுரப்பியைத் தூண்டுகின்றது. ஏவப்பட்ட சுரப்பி, நூல் வரத்துக் குறைந்தவிடத்துத் தறிகளின் தொகையை மிகுத்துக்கொண்ட நெசவாளனைப் போல, தன் உடலைப் பெருக்கிக்கொண்டு, கிடைக்கும் சிறிது அயோடினையும் நழுவவிடாது பற்ற முயல்கின்றது. இவ்வாறு பெருத்த சுரப்பியே கழுத்தின் முன்னே கழலையாய்த் தோன்றுகின்றது. எனவே, கழலை என்பது வறுமையுற்ற சுரப்பி தன் கடமையைக் கைவிடாது நின்று உழைத்தமைக்கு அடையாளம் எனலாம். முயற்சி ஓரளவு பயன்றரின் உடல் கேடின்றி இயங்கும். பயன்றராவிடின் சோர்வும், குளிர் பொறாமையும், உடல் தடித்தலும், எண்ணம் மந்தமாதலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தெய்தும்.

இச்சுரப்பியின் இன்றியமையாமை உலகுக்குத் தெளிவானது ஒரு துயர நிகழ்ச்சியினாலாம். சுவிட்சர்லாந்து நாட்டுப் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். ஆல்ப்சு மலைநாட்டிற் கழலை மிகுதியாதலின், அவர்பால் வந்த கழலை நோயாளர் பலர். கழலையை அறுத்தெடுப்பதில் அவருக்கு இணையானவர் அக்காலத்தில் இலர். ஆயின், சுரப்பி முழுவதும் எடுக்கப்பெற்றோர் பலர் சில காலத்துள் உடல் வீங்கி, அறிவு மழுங்கி, அம்மலைநாட்டிற் பிறவியிலேயே மந்தமுற்றவர்களை ஒத்து நின்றதை அவர் கண்டு, 1883ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். சுரப்பி முழுவதையும் களையலாகாது என்பதும், உடல் அறிவு ஆகிய இரண்டையும் அது காக்கின்றது என்பதும் அதனால் விளங்கின. கேடயச் சுரப்பி பற்றிய தொண்டிற்காக 1909ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

பிறவியிலேயே மந்தமுற்றோர் என்றேம். இக்குறையின் கொடுமை முழுவதும் அவர்பாலே காணப்படும். கழுத்துக் கழலை கண்ணுக்குத் தோன்றும் தீங்கு. கருவில் விளையும் தீங்கோ கண்ணுக்குத் தோன்றாதது. கருவுற்ற முதற்றிங்கள்களிற் குழவிக்குத் தன் சுரப்புநீர் இல்லை. தாயின் சுரப்புநீரைக் கொண்டே அதன் மூளை வளரத் தொடங்குகின்றது. தாய்க்கு அயோடின் மிகக் குறைந்திருப்பின், குழவி செவிடும் ஊமையுமாய், கால்கள் விறைத்து நடை தடுமாறி, அறிவு வளராது பிறத்தல் கூடும். இந்நிலையைக் கிரெட்டினிசம் என்பர். 'கிரெட்டின்' என்னும் அச்சொல்லின் பிறப்புக் கருதற்பாலது. ஆல்ப்சு மலைமக்கள் வழக்கிற் 'கிறித்தவன்' என்று பொருள்பட்ட சொல்லினின்று அது பிறந்ததென்பது சொல்லாராய்ச்சியார் பலர் கொள்கை. 'இவனும் விலங்கல்லன், நம்மை ஒத்த மனிதனே' என்று இரக்கம் பற்றி எழுந்த அச்சொல், காலப்போக்கில் இகழ்ச்சிச் சொல்லாய் இழிந்தது. சொல்லின் இழிவு அதனை வழங்கினோர் நெஞ்சின் இழிவையே காட்டுகின்றது.

பிறந்த பின்னர் எத்துணை அயோடின் கொடுப்பினும் கருவில் நேர்ந்த இக்கேடு மீளாது. இதனை ஐயமற நிறுவியது பாப்புவா நியூகினித் தீவின் மலைநாட்டில் 1966ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சி. அங்குச் சில குடும்பத்தினர்க்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி வழியே செலுத்தப்பட்டது. சிலர்க்கு வெறும் உப்புநீர் செலுத்தப்பட்டது. பின்னர்ப் பிறந்த குழவிகளை ஆராய்ந்தபோது, கருவுறுதற்கு முன்னரே அயோடின் பெற்ற மகளிரின் மக்கள் இக்கேட்டினின்று காக்கப்பட்டனர். கருவுற்ற பின்னர்ப் பெற்றாருட் சிலர்க்கோ அது காலங்கடந்த உதவியாயிற்று. ஆகவே, தான் கருவுற்றதை ஒரு பெண் அறிவதற்கு முன்னரே அவள் உடலில் அயோடின் போதிய அளவு இருத்தல் வேண்டும். நோய் கண்ட பின் மருந்து தேடும் முறை இங்கே பயன்படாது. நாள்தோறும், எல்லார்க்கும், கேளாமலே கிடைக்கும் வழி ஒன்று வேண்டும். இவ்வொன்றை உளங்கொண்டால் இனிக் கூறப்போவன யாவும் எளிதின் விளங்கும்.

அயோடின் சில நிலங்களிற் குறைவதேன்? அயோடினுக்குப் பெரிய பண்டாரம் கடலாம். கடலினின்று காற்றிற் கலந்து, மழையோடு நிலத்தை அடைந்து, ஆற்று வழியே மீண்டும் கடலைச் சேர்தல் அதன் சுழற்சி. பனிப்பாறைகள் மேன்மண்ணை வழித்துச் சென்ற மலைகளிலும், மழை இடையறாது அரித்த சரிவுகளிலும், வெள்ளம் அடிக்கடி பரந்த ஆற்றுச் சமவெளிகளிலும் மண்ணிலுள்ள அயோடின் கரைந்து போய்விட்டது; மீண்டு வருவது மிகச் சிறிது. அம்மண்ணில் விளைந்த கூலமும் காயும், அங்கு மேய்ந்த ஆவின் பாலும் அயோடின் இன்றியே இருக்கும். கண்ணுக்கு அவை குறையுடையனவாகத் தோன்றா. ஆகலின் தன் நிலத்து விளைவையே உண்டு வாழும் ஊர் முழுவதும் இந்நோய்க்கு ஆளாகின்றது. ஆல்ப்சு மலையும், ஆண்டீசு மலையும், இமயத்தின் அடிவாரமும், கங்கைச் சமவெளியும், வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சூழ்ந்த நாடும் இவ்வாற்றாற் கழலை நாடுகளாயின.

காரணம் அறிதற்கு முன்னரே மருந்து ஒருவாறு அறியப்பட்டிருந்தது வியப்பாகும். பண்டைச் சீன மருத்துவர் கழலைக்குக் கடற்பாசியைக் கொடுத்தனர். இடைக்கால ஐரோப்பிய மருத்துவர் கடற்பஞ்சைச் சுட்ட சாம்பலைக் கொடுத்தனர். 1811ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பெர்னார்டு கூர்த்துவா என்பார் வெடிமருந்துக்கு வேண்டும் உப்பு ஆக்குதற்பொருட்டுக் கடற்பாசிச் சாம்பலைக் கையாண்டபோது ஊதா நிறமுடைய ஆவி எழக் கண்டார். ஊதா என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று அதற்கு அயோடின் எனப் பெயரிட்டனர். 1820ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்து மருத்துவர் குவாந்தே, கடற்பஞ்சுச் சாம்பலின் ஆற்றல் அயோடினாலேயே ஆவதாதல் வேண்டுமெனத் துணிந்து, அதனையே கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். கழலைகள் சுருங்கின. ஆயினும் அளவறியாது உண்டோர் சிலர்க்கு நெஞ்சுத் துடிப்பும் உடல் மெலிவும் நேர்ந்தமையால், மருந்தின்மேல் அச்சமும் எழுந்தது. சில ஆண்டுகளின் பின், தென்னமெரிக்க மலைநாட்டில் வாழ்ந்த பூசெங்கோல் என்னும் அறிஞர், இயல்பாகவே அயோடின் பொருந்திய உப்பை உண்ணும் ஊர்களிற் கழலை அருகியிருத்தலைக் கண்டு, அத்தகைய உப்பை எங்கும் வழங்குக என்றார். அக்காலத்து அரசினர் அவர் சொல்லைக் கொண்டிலர். நூற்றாண்டின் இடைப்பகுதியில் பிரஞ்சு அறிஞர் சாத்தென், நீரிலும் மண்ணிலும் அயோடின் குறைதலே கழலைக்குக் காரணம் என்று நாட்டினார். அதனையும் அறிஞர் கழகத்தார் ஏற்றிலர். உண்மை வெளிப்படுதல் ஒன்று. உலகம் அதனைக் கைக்கொள்ளுதல் மற்றொன்று.

கேடயச் சுரப்பியினுள் அயோடின் உண்டு என்பதைச் செர்மானியராகிய பௌமன் 1895ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். அதன்பின் ஐயம் தீர்ந்து ஆராய்ச்சி விரைந்தது. முன்னே பேரேரி நாடு என்றேம். அங்கே ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், 1917ஆம் ஆண்டு முதலாக டேவிட் மரீன், கிம்பால் என்னும் மருத்துவர் இருவர், பள்ளிச் சிறுமியர்க்கு ஆண்டுக்கு இருமுறை அயோடின் உப்பைச் சிறிது சிறிதாகக் கொடுத்து வந்தனர். அயோடின் உண்ட 2,190 சிறுமியருள் ஐவர்க்கே சுரப்பி பெருத்தது; உண்ணாத 2,305 பேருள் 495 பேர்க்குப் பெருத்தது. இவ்வெண்களுக்கு விளக்கவுரை வேண்டா. 1924ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்து அங்காடிகளில் அயோடின் கலந்த உப்பு விலைக்கு வந்தது.

இதற்கு இரண்டாண்டுகள் முன்னரே சுவிட்சர்லாந்து இவ்வழியில் நடந்துவிட்டது. வாலே மாநிலத்து மலையூர் மருத்துவராகிய ஓட்டோ பையார்டு என்பார் 1918ஆம் ஆண்டிற் கிரேக்கென் என்னும் சிற்றூரிலுள்ள சில குடும்பங்களுக்கு, தாமே அயோடின் கலந்த உப்பை அளவறிந்து கொடுத்துப் பார்த்தார். கழலைகள் சுருங்கின, தீங்கு ஒன்றும் நேர்ந்திலது. அவர் காட்டிய வழியை எரிசௌ நகரத்து அறுவை மருத்துவர் எக்கன்பெர்கர் மேற்கொண்டு, பொதுமக்களிடையே பேசி, அவர்தம் வேண்டுகோளால் 1922ஆம் ஆண்டில் அப்பென்செல் புறமாநிலத்தில் அயோடின் உப்பு விற்கச் செய்தார். பிற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. ஒரு சிற்றூர் மருத்துவரும், மக்களிடையே சென்று பேசிய ஒருவரும் செய்த தொண்டு இது என்பதை நாம் மறத்தலாகாது.

நிற்க. அயோடினைச் சேர்த்தற்கு உப்பையே தேர்ந்தது என்னை எனின், விடை நம் பழந்தமிழ் நூல் பயின்றார்க்கு எளிது. நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை வண்டியேற்றி, மேடும் காடும் கடந்து, உள்நாட்டு ஊர்களிற் கொண்டுபோய் விற்ற உமணர் என்னும் வணிகரைச் சங்கச் செய்யுள்கள் பல இடங்களிற் காட்டுகின்றன. தினை விளைத்து உண்ணும் குறிஞ்சியூரும் நெல் விளைத்து உண்ணும் மருதவூரும் தம் உணவைத் தாமே ஆக்கிக்கொண்டன; உப்பு ஒன்றுக்கு மட்டும் வெளியார் வருகையை எதிர்நோக்கி நின்றன. உலகெங்கும் இதுவே நிலை. உப்பு விளையும் இடங்கள் சில. உண்ணும் இல்லங்களோ எல்லாம். செல்வரும் வறியரும் ஏறத்தாழ ஒரே அளவில், ஆண்டு முழுவதும், நாள் தவறாது உண்பர். விலையோ குறைவு. அயோடின் சேர்த்தலால் உப்பின் சுவையும் நிறமும் மாறா. ஆகவே விளையும் இடத்தில் ஒருமுறை கலந்துவிட்டால், உமணர் வண்டி சென்ற வழியெல்லாம் அயோடினும் செல்லும். மண் தரமறுத்த பொருளை வணிகம் கொணர்ந்து தருகின்றது.

இனி நம் நாட்டுச் செய்தியைக் காண்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராபர்ட்டு மெக்காரிசன் என்னும் பிரித்தானிய மருத்துவர் இமயத்திற்கு அப்பாலுள்ள கில்கிட்டுப் பள்ளத்தாக்கிற் கழலையையும் கிரெட்டினிசத்தையும் ஆராய்ந்தார். ஓடை ஒன்றன் கரையிலிருந்த ஊர்களுள், ஓடை கீழிறங்க இறங்கக் கழலை மிகுதலைக் கண்டு, நீரின் மாசே காரணமென அவர் எண்ணினார். அவரே பின்னர் நீலகிரியிலுள்ள குன்னூரில் உணவாராய்ச்சிக்கு வித்திட்டவர். 1918ஆம் ஆண்டில் அங்கே ஓர் அறையில் தொடங்கிய அவ்வாராய்ச்சியே வளர்ந்து, 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்குச் சென்று, நாடறிந்த ஊட்டநூல் நிலையமாயிற்று. அக்குன்னூர் ஆய்வுக்கூடத்திற் பணிபுரிந்தவருள் ஒருவராகிய மருத்துவர் வி. இராமலிங்கசுவாமி, இந்தியக் கழலை நோய்க்கு முடிவுரை எழுதும் ஆராய்ச்சியை 1956ஆம் ஆண்டில் இமயத்தின் அடிவாரத்துக் காங்கிராப் பள்ளத்தாக்கிற் தம் தோழர்களுடன் தொடங்கினார்.

ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்நிலப்பகுதியை அவர்கள் மூன்று கூறாக வகுத்தனர். முதற்கூற்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பும், மூன்றாம் கூற்றுக்குப் பொட்டாசியம் அயோடேட்டு கலந்த உப்பும் வழங்கப்பட்டன. இடைக்கூற்றுக்கு வெற்றுப்பே வழங்கப்பட்டது. ஆறாண்டுகளின் பின் பள்ளி மாணவரை ஆராய்ந்தபோது, அயோடின் பெற்ற இரு கூறுகளிலும் கழலை பெரிதும் குறைந்திருந்தது, இடைக்கூற்றிற் குறைந்திலது. அதன்பின் இடைக்கூற்றுக்கும் அயோடின் உப்பு அளிக்கப்பட, அங்கும் கழலை விரைந்து வீழ்ந்தது. ஈரம் மிக்க நம் நாட்டுக் காற்றில் அயோடைடினும் அயோடேட்டே நெடிது நிலைப்பதாகலின், இந்திய உப்பில் அதுவே இன்றும் கலக்கப்படுகின்றது. 1962ஆம் ஆண்டில் அரசினர் நாட்டுக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினர். கழலை மலைநாட்டுக்கே உரியதென முதலில் எண்ணப்பட்டது. பின்னர் ஆராய ஆராயச் சமவெளியிலும் கடலோரத்திலும் அயோடின் குறை காணப்பட்டமையால், உண்ணும் உப்பு முழுவதிலும் அயோடின் சேர்த்தல் வேண்டும் என 1984ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. அயோடின் இல்லா உப்பை உணவுக்கு விற்றலாகாது என்ற விதி 1997ஆம் ஆண்டில் நாடெங்கும் இயற்றப்பட்டு, 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டில் மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. உண்பார் கையை அடையும்போது பத்து லட்சம் பங்கு உப்பில் 15 பங்கேனும் அயோடின் இருத்தல் வேண்டும் என்பது அளவு.

இத்துணையும் கேட்டபின், உப்பு விளையும் நாடாகிய தமிழ்நாடு இதில் முன்னிற்கும் என எண்ணுதல் இயல்பு. 2018–19ஆம் ஆண்டில் நாடெங்கும் எடுத்த அயோடின் கணக்கெடுப்பு வேறொன்று கூறிற்று. போதிய அயோடின் உள்ள உப்பை உண்ட இல்லங்கள் இந்தியா முழுமைக்கும் நூற்றுக்கு 76.3, தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 61.9. மாநிலங்களுள் மிகக் கீழே நின்றது நம் மாநிலமே. தூத்துக்குடியினின்றும் வேதாரணியத்தினின்றும் ஊர் பலவற்றுக்கும் உப்புச் செல்கின்றது; ஆயினும் உப்பளத்தை அடுத்து வாழ்வார்க்கு அளத்துக் கல்லுப்பு எளிதிலும் மலிவிலும் கிடைத்தலின், அயோடின் சேர்ந்த உப்பை வேண்டி வாங்குவார் குறைந்தனர். அரசின் உப்புக் கழகம் வாலிநோக்கத்தில் இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பை ஆக்கிச் சத்துணவுக் கூடங்களுக்கு அளித்து வந்தமை பாராட்டுதற்குரியது. எனினும் பள்ளிச் சிறாரின் ஒருவேளை உணவு தாய்மாரின் கலத்தைச் சென்றடையாது.

இது குறித்து மக்களிடையே வழங்கும் எண்ணங்கள் சிலவற்றை ஆராய்தல் நலம். முதலாவது, 'கடலில் அயோடின் உண்டு, கடலுப்பிலும் இருக்குமன்றோ?' என்பது. கேட்பதற்குப் பொருத்தமாகவே உளது, உண்மை அதுவன்று. கடல்நீரிலேயே அயோடின் மிகச் சிறிது. பாத்தியிற் காய்ந்து உப்பு உறையுங்கால் அச்சிறிதும் உப்போடு உறைவதில்லை. ஆகலின் அளத்துக் கல்லுப்பும் இந்துப்பும் அயோடினுக்கு உதவா. கடல்மீனும் கடற்பாசியும் அயோடின் உடையன, கடலுப்பு உடையதன்று.

இரண்டாவது, 'தைராய்டு நோய் எல்லாம் அயோடின் குறைவால் வருவன' என்பது. இதுவும் பிழை. அயோடின் போதிய அளவு உண்ணும் மக்களிடையே சுரப்புநீர்க் குறைக்குப் பெருங்காரணம், உடலின் காப்பாற்றலே தன் சுரப்பியைப் பகைத்துத் தாக்குதலாம். அந்நோயை உப்பு தீர்க்காது. குருதியைச் சோதித்து மருத்துவர் தரும் மாத்திரையை நாள்தோறும் உண்ணல் வேண்டும். கழுத்தில் வீக்கமோ, காரணம் அறியாச் சோர்வோ கண்டார் மருத்துவரை அணுகுதலே தக்கது.

மூன்றாவது, 'அயோடின் மிகின் தீங்காமே' என்னும் அச்சம். அளவு கடந்த அயோடின் தீங்கே. நெடுநாட் கழலையுடைய முதியோர் சிலர்க்குத் திடீரென மிகும் அயோடினாற் சுரப்பு மிகுதலும் உண்டு. ஆயின் உப்பிற் கலப்பது அளந்து கலப்பது. இதனோடு ஒட்டிய மற்றொரு வினாவும் உண்டு: 'குருதியழுத்தம் கருதி உப்பைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர், அயோடினுக்காக உப்பை உண்ணச் சொல்வதேன்?' என்பது. உப்பை மிகுதியாக உண்க என்று எவரும் சொல்லவில்லை. உண்ணும் சிறிதளவும் அயோடின் சேர்ந்ததாக இருக்க என்பதே சொல். உப்புக் குறையுமாயின் அதிற் கலக்கும் அயோடினை மிகுத்துக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்து 1922இல் ஒரு கிலோகிராம் உப்புக்கு நான்கு மில்லிகிராமுக்கும் குறைவான அயோடினைச் சேர்த்துத் தொடங்கியது. பின்னர் மக்களின் நிலையை ஆராய்ந்து ஆராய்ந்து, அயோடினின் அளவை 1962, 1980, 1998, 2014 ஆகிய ஆண்டுகளில் மேன்மேலும் உயர்த்தியது.

நூறாண்டு கடந்தும் ஒரு நாடு இவ்வாறு விழிப்பாயிருத்தல் எற்றுக்கு? மண் மாறவில்லை, ஆதலால் நோயும் போய்விடவில்லை, தடுக்கப்பட்டு நிற்கின்றது. பெரியம்மை நோயை உலகம் ஒருமுறை வேரறுத்தது, அது மீளாது. அயோடின் குறையோ அத்தகையதன்று. உப்பில் அயோடின் நின்ற அன்றே பழைய நிலை திரும்பத் தொடங்கும். சோவியத்து ஒன்றியத்தில் அரசு முயற்சியால் அயோடின் உப்பு எங்கும் பரவிக் கழலை பெரிதும் ஒடுங்கியிருந்தது. 1991ஆம் ஆண்டில் அவ்வொன்றியம் கலைந்து உப்பு வழங்கும் ஒழுங்கும் குலைந்தபோது, அதன் நாடுகள் பலவற்றில் அயோடின் குறை மீண்டும் தலையெடுத்தது. கழலையைக் காணாத தலைமுறை, கழலையைத் தடுத்த உப்பின் அருமையை மறக்கின்றது. நன்மை நிறைவாக நடக்குங்கால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே இங்குள்ள இடர்.

ஆகலின் மாணவ நண்பர்கள் செய்யத்தக்கன சில உள. விடுமுறையில் ஊர் செல்லுங்கால், வீட்டு உப்பு அயோடின் சேர்ந்ததுதானா என உறையைப் பார்த்தறிக. அவ்வுப்பை ஈரமும் வெயிலும் படாது மூடிய கலத்தில் வைக்கவும், கூடியவரை சமையல் முடியும் தறுவாயிற் சேர்க்கவும் அன்னையரிடம் சொல்லுக. கஞ்சிப்பசை கலந்த சோதனைத் துளி ஒன்றை உப்பின்மேல் இட்டால், அயோடின் உள்ள உப்பு நீலமாய் மாறும். அறிவியல் மாணவர் இதனை ஊர்ப் பள்ளிகளிற் செய்து காட்டின், நூறு சொற்பொழிவினும் அது பயன்றரும். உப்பளத்திற் கடும் வெயிலில் உழைக்கும் சிறு தொழிலாளரைப் பழிப்பதாற் பயனில்லை. அயோடின் கலத்தற்கு வேண்டும் கருவியும் மருந்தும் அவர்க்கு எளிதிற் கிடைக்குமாறு அரசும் கூட்டுறவுக் கழகங்களும் உதவல் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறும் மக்களும் இருத்தல் வேண்டும்.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் நாட்டுப் பழமொழி. உண்டவர் நினைப்பதைப் பற்றி அது பேசுகின்றது. உப்பிடுவோர் நினைக்க வேண்டுவதும் ஒன்று உண்டு. இன்று ஓர் இல்லத்து உலையில் இடப்படும் உப்பு, அவ்வில்லத்தில் இனிப் பிறக்கவிருக்கும் குழவி செவிகொண்டு கேட்கவும், வாய்திறந்து பேசவும், எழுத்தறிந்து கற்கவும் துணையாகும் உப்பு. அக்குழவி தனக்கு வேண்டுவதைத் தானே கேட்க இயலாது. அதற்காகக் கேட்பது கற்றோர் கடன்.